எண்ணெய் தேய்க்கும்போது கேட்ட ரகசியம்

குற்றாலத்திலிருந்து தென்காசிக்குப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். லாட்ஜில் எண்ணெய் தேய்த்துவிடும் வேலை அன்றோடு போயிற்று.

சீசனில் என்னிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட அதிகாரி ஒருவர், தன் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கப்போவதாகப் போனில் ரகசியமாகப் பேசினார். அதை லாட்ஜ் மேனேஜரிடம் சொன்னேன். அவர் உடனே அந்தக் கம்பெனிப் பங்குகளை வாங்கினார், விலை ஏறியது. எனக்கு ஒரு டீ கிடைத்தது. பிறகு மேனேஜருக்குப் பங்குச்சந்தை வாரியத்திலிருந்து விசாரணை நோட்டீஸ் வந்தது.

“நாம அந்தக் கம்பெனில வேலையா பாக்குதோம், அண்ணாச்சி?” என்று அவரிடம் கேட்டேன்.

“வெளியாளா இருந்தாலும் ரகசியம் தெரிஞ்சு வாங்குனா குத்தமாம்லே. சொன்னவனையும் தேடுதாங்க. ஒம் பேரைக் கொடுத்துட்டேன். இனி இங்கன நிக்காத.”

மறுநாள் காலை பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கச் சேர்ந்தேன். விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்களோ தெரியவில்லை. யாராவது போனில் குரலைத் தாழ்த்தினால் அடுத்த லாரிக்குப் போய்விடுகிறேன்.