நாலு விரற்கடை உயரம்

அத்தான் அந்தப் படத்தை எங்கள் வீட்டுக் கட்டிலில் விரித்து வைத்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றிலிருந்து கிழித்த வழவழப்பான தாள். ஏரியில் ஒரு வெள்ளை மோட்டார் படகு சீறிக்கொண்டு போகிறது. அதில் உட்கார்ந்திருக்கும் பெண், குனியாமலேயே, கையைத் தொங்கவிட்டுத் தண்ணீரைத் தொட்டபடி சிரிக்கிறாள். "டீச்சரம்மா, இந்தக் கையைப் பாரு. இந்த ஒரு கைதான் இப்போ எங்க பட்டறையையே ஆட்டி வைக்குது" என்றார் அத்தான். வாசலில் குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. சங்கரன்கோவிலில் அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. படகைச் சினிமாவில் மட்டுமே பார்த்திருந்த நானும் அக்காவும் அப்பாவும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தான் என் அக்காவின் கணவர். கொச்சிக்குப் பக்கத்தில் மோட்டார் படகு கட்டும் ஒரு பட்டறையில் வரைபடக்காரராக வேலை பார்த்தார். நான் மேலநீலிதநல்லூரில் பள்ளிக்கூட ஆசிரியை, கல்யாணம் ஆகாதவள். அதனால் அவருக்கு நான் டீச்சரம்மா. வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வருவார். வந்தால் வீடு முழுக்கப் பேச்சுதான். நாங்கள் கேட்கிறோமோ இல்லையோ, படகுகளின் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மோட்டார் படகு என்றால் மரத்தில் கட்டிய பெட்டி. நடுவில் எஞ்சின், மேலே பஸ் மாதிரி கூரை, இரண்டு பக்கமும் எதிரெதிராகப் பெஞ்சு, வெயிலுக்குத் திரைச்சீலை. உட்கார்ந்தால் பக்கவாட்டுப் பலகை தோள் உயரத்துக்கு நிற்கும். தோட்ட முதலாளிகளும் அதிகாரிகளும் அதில் ஆபீசுக்குப் போவதுபோல விறைப்பாக உட்கார்ந்து போவார்கள். பிறகு கார் வைத்திருந்தவர்கள் படகு வாங்க வந்தார்கள். அவர்களுக்குப் படகும் கார் மாதிரி இருக்க வேண்டும். முன்னால் சாய்ந்த கண்ணாடி, வட்டமான ஸ்டியரிங், முன்னோக்கிப் பார்க்கும் மெத்தை இருக்கை, பின்னால் மீன்வால் மாதிரி இரண்டு இறக்கை. மரம் போய்க் கண்ணாடியிழை வந்தது. அதில் எந்த வளைவையும் வார்த்தெடுக்கலாம். எஞ்சின் நடுவிலிருந்து வெளியே போய்ப் பின்பலகையில் தொங்கியது. கூரை போயிற்று, திரைச்சீலை போயிற்று. காற்று முகத்தில் அடிக்க வேண்டும், கையை நீட்டினால் தண்ணீர் தொட வேண்டும். பக்கவாட்டுப் பலகை வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே வந்தது.

பழையதுக்காக ஏங்குகிற ஆள் இல்லை அத்தான். அந்தக் கூரைப் படகுகளை அவர் வண்டிமாடு என்று கேலி செய்வார். புதிய படகின் கோட்டை வரையும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை எடுத்துத் தரையில் மண்டியிட்டு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுப்பார். முன்னால் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, பின்னால் தண்ணீருக்குள்ளேயே போய்விடுவதுபோல் வழுக்கி இறங்கும் கோடு. அக்கா அடுக்களையிலிருந்து, "ஒங்க போட்டைத் தாண்டி நான் எப்படி வாறது?" என்று சத்தம் போடுவாள். அவர் சாக்பீஸ் கோட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொள்வார். அந்த அத்தானைத்தான் நான் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன். முடிவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், லீவு இல்லாத மாதத்தில், அவர் பெட்டியோடு வந்து நின்றார். அக்கா அப்போது இரண்டாவது பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். அத்தான் முகம் கழுவவில்லை, மூத்த பிள்ளையைத் தூக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "போட்டு முங்கிட்டு" என்றார்.

ஏரிக்கரையில் ஹோட்டல் வைத்திருந்த ஒருவர் அந்தப் பத்திரிகைப் படத்தைக் காட்டி, அச்சு அசலாக அதேபோல் ஒரு படகு கேட்டிருக்கிறார். அத்தான் வரைந்தார். பட்டறையில் கட்டினார்கள். வெள்ளோட்டத்துக்கு ஓட்டியவர் ஹோட்டலில் வேலைக்கிருந்த படகு ஓட்டுநர். உவரிக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர், நம் ஜில்லாக்காரர் என்பதால் அத்தானோடு பிரியமாகப் பேசுவார். அன்றைக்கு இறங்கி வந்ததும் அவர் சொன்னது: "சார், ஓடுறதுக்கு நல்லா ஓடுது. ஆனா சட்டுன்னு வேகத்தைக் குறைச்சா, பின்னால தொரத்திக்கிட்டு வாற அல பலகையைத் தாண்டி உள்ள ஏறுது. பின்பக்கம் நாலு வெரக்கடை ஒசத்திக் குடுத்துருங்க."

அத்தான் அதை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டார். பின்பக்கத்தை உயர்த்தி, சிவப்புப் பென்சிலில் ஒரு கோடும் போட்டார். ஹோட்டல்காரரிடம் காட்டியபோது அவர் சிரித்தாராம். "நான் கேட்டது படகு, தொட்டி இல்லை" என்றாராம். படகு பழைய உயரத்திலேயே ஹோட்டலுக்குப் போயிற்று.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகள் ஏழு பேர். ஏரி நடுவில் ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறந்துவிட, எல்லோரும் நிறுத்து நிறுத்து என்று கத்த, ஓட்டுநர் வேகத்தைக் குறைத்திருக்கிறார். பின்னால் வந்த அலை ஏறியது. படகு பின்பக்கமாக உட்கார்ந்து இறங்கிவிட்டது. ஆறு பேரை மீன்பிடி வள்ளங்கள் தூக்கின. தொப்பிக்காரக் குழந்தையும், அவளைத் தேடி மறுபடி முங்கிய ஓட்டுநரும் போய்விட்டார்கள்.

ஓட்டத் தெரியாமல் ஓட்டினான், கூட்டம் ஏற்றினான் என்று விசாரணையில் பட்டறையும் ஹோட்டலும் சொல்லின. படகு வரைபடத்தின்படிதான் கட்டப்பட்டது, அதில் குறை இல்லை என்று ஒரு தாளில் அத்தானிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் போட்டுக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் எழுதியிருந்த அந்த முதல் வரைபடத்தைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் அதை விரித்து எங்களிடம் காட்டினார். அவர் குறிப்புகளை எப்போதும் தமிழில்தான் எழுதுவார். ஓட்டுநரின் பெயர், தேதி, அவர் சொன்னது, கடைசியில் அத்தானின் கையால்: 'அவர் சொல்வது சரி.' அதன் கீழ் அத்தானின் கையெழுத்து.

"விசாரணை முடிய இன்னும் பத்து நாள் கெடக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, நடந்ததைச் சொல்லிருதேன்" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஒங்களைப் பிடிச்சு உள்ள வச்சிருவாங்க. நான் இந்த வயித்தை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

அத்தான் என்னைப் பார்த்தார். வீட்டில் படித்தவள், எதையும் நிதானமாக யோசிக்கிறவள் என்று என்மேல் அவருக்கு ஒரு மதிப்பு. "ஹோட்டல்காரர் கேட்டாருன்னு மட்டும் இல்ல டீச்சரம்மா. எனக்கே ஒசத்த மனசு வரல. அந்தக் கோடு அவ்வளவு அழகா இருந்துச்சு. நீ சொல்லு, போகவா, வேண்டாமா?"

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். "போக வேண்டாம் அத்தான். செத்தவங்க திரும்பி வரப்போறதில்ல. இருக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க" என்றேன். வகுப்பில் பாடம் சொல்கிற அதே தெளிவான குரலில் சொன்னேன். அவர் தாளைச் சுருட்டித் திரும்பப் பெட்டியில் வைத்தார். பத்து நாள் கழிந்தது.

அவர் திரும்பக் கொச்சிக்குப் போகவில்லை. எங்கள் ஊரில் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. ஒரு தறி முதலாளியிடம் சேலைக்கரைக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. கட்டம் போட்ட தாளில் மாங்காயும் கோபுரமும் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் குனிந்து உட்கார்ந்திருப்பார். வியாபாரிகள் வந்து, போன வருஷக் கரை இந்த வருஷம் விலைபோகாது, இன்னும் அகலமாக வேண்டும், இன்னும் பளிச்சென்று வேண்டும் என்பார்கள். அவர் அவர்கள் கேட்டபடியே மாற்றிக் கொடுப்பார். "எல்லாத்துக்கும் தலையை ஆட்டுதாரே" என்று முதலாளி ஒருமுறை வியந்தபோது, அத்தான் பென்சிலைச் சீவிக்கொண்டே, "சேலையில என்ன அண்ணாச்சி, எவ்வளவு எறக்கினாலும் யாரும் முங்கப்போறதில்ல" என்றார். முதலாளி அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். டீ கொண்டுபோயிருந்த நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எண்பதுகளில் படங்களில் மோட்டார் படகுச் சண்டை இல்லாமல் இருக்காது. அக்காவின் பிள்ளைகள் நச்சரித்ததால் ஒரு தடவை எல்லோரும் கொட்டகைக்குப் போனோம். கதாநாயகன் படகில் வில்லனைத் துரத்தினான், கொட்டகை விசிலடித்தது. அத்தான் நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டார். அவர் கதாநாயகனைப் பார்க்கவில்லை. "பின்பக்கத்தை ஒசத்திட்டான், பாத்தியா?" என்று என் காதருகே சொன்னார். "எஞ்சினுக்கு முன்னால தொட்டி மாதிரி ஒண்ணு கட்டிருக்கான். அல ஏறினாலும் அதுல விழுந்து வெளிய வடிஞ்சிரும். இப்போ இதுதான் ஸ்டைல் போல." குரலில் கோபமில்லை. ஏதோ கணக்கின் விடையைத் தாமதமாகப் பார்த்துவிட்டவர்போல் சொன்னார். இடைவேளைக்கு முன்பே எழுந்து போய்விட்டார். படம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் வீட்டுக்கு நடந்தோம்.

அடுத்த வருஷம் நெஞ்சுவலி. திருநெல்வேலிக்குக் காரில் கொண்டுபோகும்போதே வழியில் முடிந்துவிட்டது. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அக்கா அவருடைய பெட்டியைத் திறந்தாள். வரைபடம் அப்படியே இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எரித்துவிடு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் எழுந்து அதை என் பைக்குள் சொருகினாள். "நீதானே வேண்டாம்னே. நீயே கொண்டு போ" என்றாள். ஒன்பது வருஷமும் அவள் அந்தச் சொல்லை எனக்காக வைத்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

திருநெல்வேலி போய் வேறு பஸ் மாறி, சாயங்காலத்துக்கு முன்பே ஓட்டுநரின் கடற்கரைக் கிராமத்தில் இருந்தேன். இவ்வளவுதானா தூரம் என்று இருந்தது. ஓட்டுநரின் வீட்டைக் கேட்டபோது வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "பிள்ளையை முக்கிக் கொன்னவன் வீடா? சிலுவைக்கு அடுத்தாப்புல" என்றார். நான் அந்த இடத்திலேயே திரும்பிப் போயிருக்கலாம். கால்கள்தான் நடந்தன.

அவருடைய மனைவி என்னை உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி போட்டு வைத்தார். யார், எங்கிருந்து என்று கேட்பதற்கு முன் காப்பி வைக்கிற மனுஷி. நான் தாளை விரித்து, ஓரத்தில் இருந்ததை வாசித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. "அவுக பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை வாசிங்க" என்றார். வாசித்தேன்.

"வேகத்தைக் குறைச்சா ஏறும்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. முன்னாடியே சொல்லியும் இருக்காக" என்றார் மெதுவாக. "கடல்ல பொறந்த மனுஷனுக்குப் போட்டு ஓட்டத் தெரியலன்னு ஊரே சொல்லிச்சே அம்மா. எம் மவனை ஒருத்தனும் போட்டுல ஏத்த மாட்டேங்கான். அப்பன் கை அவனுக்கும் இருக்கும்னு சொல்லுதானுவ."

மகன் அதற்குள் உப்பளத்திலிருந்து வந்திருந்தான். இருபத்தொரு வயதிருக்கும். தாளை வாங்கித் தானே படித்தான். "எழுதினவரு எங்க?" என்றான். இறந்துவிட்டார், என் அக்காவின் கணவர் என்றேன்.

"இது எத்தனை வருஷமா ஒங்க வீட்டுல இருக்கு?"

"ஒம்பது வருஷம்."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். அவர் அப்பவே குடுக்கணும்னு சொன்னார். வேண்டாம்னு சொன்னது நான்தான்."

அவன் தாளைச் சுருட்டித் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். அவனுடைய அம்மா நான் தொடாத காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரவில்லை. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் அவன் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான். பஸ் வந்தபோது மட்டும், "வாற மாசம் அப்பாவுக்கு வருஷப் பூசை. பங்குச் சாமியாருகிட்ட குடுத்து இதைக் கோயில்ல வாசிக்கச் சொல்லப் போறேன். நீங்க வரணும்னு இல்ல" என்றான்.

நான் போனேன். கடைசி வரிசையில் பெண்களுக்குப் பின்னால் நின்றேன். பூசை முடியும் நேரத்தில் சாமியார் தாளைக் கையில் எடுத்து, ஓட்டுநரின் பெயரையும் தேதியையும் அவர் சொன்னதையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். 'அவர் சொல்வது சரி' என்பதை இரண்டு முறை வாசித்தார். முன்வரிசையில் அந்த அம்மாள் தலை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ தேம்பினார்கள். கீழே இருந்த கையெழுத்துக்காரரின் பெயரை மட்டும் சாமியார் வாசிக்கவில்லை. வாசிக்க வேண்டாம் என்று அவர்கள் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இவுக பேரை வாசிச்சாங்களா?"

"இல்லக்கா."

அக்கா சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அவர் பெயர் தப்பியதே என்று அழுதாளா, அங்கேகூட அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று அழுதாளா, எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.