ஐந்து நாள், ஐந்து வீடு, ஒரு பரிஸ்

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் விரல் நீளத்தில் ஓர் ஈஃபிள் கோபுரம் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும், "பரிஸுக்குப் போனனீங்களோ? எப்பிடி, வடிவோ?" என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "ஓம் ஓம், எல்லாம் பாத்திட்டம்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டுவார். அது முழுப் பொய். அந்தக் கோபுரத்தைக்கூட நாங்கள் வாங்கவில்லை. பரிஸ் புறநகரில் ஒரு வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டபோது, அந்த வீட்டுக்காரி ஒரு சேலைத் துண்டோடு சேர்த்து என் கையில் திணித்துவிட்டது அது. உண்மையான கோபுரத்தை நான் கண்டது ஓடுகிற ரயிலின் ஜன்னலால். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கணம் தெரிந்தது. "இஞ்ச பாருங்கோ, அங்க!" என்று நான் கத்தினேன். இவர் நிமிரவில்லை. அடுத்த வீட்டின் விலாசத்தைத் தாளில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் கனடாவில், மிசிசாகா விமான நிலையத்தில் வேலை செய்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக, பயணம் போகிறவர்களின் பாஸ்போர்ட்டைப் பார்த்து, "நல்லபடி போய் வாங்கோ" என்று ஆங்கிலத்தில் சொல்லி அனுப்புவதுதான் என் தொழில். பரிஸ் விமானம் புறப்படும் வாசலில் நிற்கும் நாட்களில் அந்தச் சனத்தின் முகங்களைப் பார்த்துக்கொண்டேயிருப்பேன். வயதுபோன சோடிகள் கையில் புத்தகத்தோடு, எந்த நாளில் எந்த ஓவியம் என்று அடையாளம் போட்டு வைத்திருப்பார்கள். ஒருநாள் நானும் அப்படிப் போவேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அரசர்கள் வாழ்ந்து, பிறகு அருங்காட்சியகமாகிவிட்ட லூவர் அரண்மனையை மட்டுமாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் இவரோடு சேர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இவரும் சரி என்றார்.

இவர் கனடாவுக்கு வருமுன் இரண்டு வருடம் பரிஸில் இருந்தவர். விசா இல்லை, ஒன்பது பேருக்கு ஓர் அறை, ஏதோ ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நானும், ஊர் தெரிந்த மனிதர், எனக்குச் சுற்றிக் காட்டுவார் என்று நம்பினேன். அது என் முதல் மடத்தனம். இரண்டாவது, புறப்பட ஒரு கிழமை இருக்கும்போது, அந்த அறையில் இருந்த ஒரு நண்பருக்குப் போன் எடுக்க விட்டது. எங்கள் சனத்தில் ஒருவருக்குச் சொன்னால் போதும். அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் இன்னும் பரிஸில்தான் இருக்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கியபோது மூன்று பேர் வாசலில் நின்றார்கள். "என்ன மச்சான், ஹோட்டலோ? எங்களைக் கேவலப்படுத்தவோ வந்தனீ?" என்று ஒருவர் என் பெட்டியைப் பறித்துத் தன் காரில் ஏற்றினார். நான் மாதக்கணக்காகத் தேடிப் பதிவுசெய்த, ஆற்றைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை அந்த நிமிடத்திலேயே போனது.

ஐந்து நாள், ஐந்து வீடு. ஒருவர் வீட்டில் சாப்பிட்டு மற்றவர் வீட்டில் சாப்பிடாமல் போனால் அது பத்து வருடத்துக்கு நிற்கும் கோபம். காலையில் வெளிக்கிட்டு மூன்று ரயில் மாறிப் போவோம். "சமையல் முடியுது அக்கா, இருங்கோ" என்பார்கள். மூன்று மணிக்கு ஆட்டிறைச்சிக் கறி வரும். பிறகு மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு வீடியோ. முழுதாக. ஹெலிகொப்டரில் வந்திறங்கும் பிள்ளை, பல்லக்கு, ஏழு சேலை மாற்றம். வீட்டுக்கு வீடு பல்லக்கின் நிறம்தான் வேறு. பிறகு தேத்தண்ணி, வடை, இருட்டுகிறது, நாளைக்குப் பார்ப்போம். நான் வந்திருப்பது பரிஸா, கனடாவில் எங்கள் சனம் நிறைந்த அஜின்கோர்ட்டா என்று எனக்கே சந்தேகம் வந்தது. "அருங்காட்சியகம் எப்பிடி, நல்லதோ?" என்று ஒரு வீட்டில் கேட்டேன். முப்பத்தைந்து வருடமாக அந்த நகரில் இருக்கிற அந்த மனிதர், "எங்க அக்கா நேரம்? வெளியால பாத்திருக்கிறன்" என்றார். இவர் ஏதோ பெரிய பகிடி கேட்டதுபோலச் சிரித்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். நிலத்துக்குக் கீழே ஓடுகிற மெற்றோவில் இவர் ராசா. எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படி கிட்ட வரும், எந்தச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பினால் சுருக்கு, எல்லாம் கால்களுக்கே தெரிந்திருந்தது. மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்தவுடன் இடது வலது தெரியாமல் முழிப்பார். "இரண்டு வருசம் இருந்தனீங்கள், ஆறு எந்தப் பக்கம் எண்டு தெரியாதோ?" என்று எரிந்து விழுந்தேன். "கேட்டுப் போவம்" என்றார். ஆனால் ஒருவரிடமும் கேட்கவில்லை.

கடைசி நாள் என் பொறுமை முடிந்தது. ஐந்தாவது வீட்டில் மத்தியானத்தோடு எழும்பி, "நான் போறன். வாறதெண்டால் வாங்கோ" என்று சப்பாத்தைக் காலில் மாட்டினேன். அந்த வீட்டுக்காரி முகம் கறுத்துப் போனாள். இவர் பின்னால் வந்தார். லூவருக்குப் போய் இரண்டு நுழைவுச்சீட்டு வாங்கி, ஒன்றை இவருடைய சட்டைப் பையில் நானே வைத்தேன். பெரிய முற்றத்தில் துவக்கு ஏந்திய ராணுவக்காரர் நாலு பேர் மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். இவர் நின்றுவிட்டார். "நீர் போய்ப் பாத்திட்டு வாரும். எனக்கு உதுகள் விளங்காது. நான் உதில நிக்கிறன்."

முப்பது வருடமாகக் கேட்கிற வசனம். பிள்ளைகளின் பட்டமளிப்பிலிருந்து கடை வாசல் வரை "உதில நிக்கிறன்"தான். "நில்லுங்கோ, வேர் பிடிக்கும் மட்டும் நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இரண்டரை மணி நேரம் நடந்தேன். எதைப் பார்த்தாலும் இவரோடு மனதுக்குள் சண்டை பிடித்தபடியே பார்த்தேன். எல்லோரும் மொய்க்கிற அந்தச் சிரிக்கிற பெண்ணின் படத்துக்கு முன் நின்றபோதும், கண்ணில் பட்டது மற்றவர்கள் தூக்கிப் பிடித்த போன்கள்தான்.

வெளியே வந்தால் சொன்ன இடத்தில் ஆளில்லை. போன் எடுத்தேன். இவருடைய போன் என் கைப்பைக்குள்ளேயே அடித்தது. முற்றத்தைச் சுற்றி, வாசலைச் சுற்றி, தெருவைக் கடந்து தேடினேன். கோபம் போய்ப் பயம் வந்தது. பக்கத்து ஒடுங்கிய தெருவில், ஓர் உணவகத்தின் சுவரோடு ஒட்டி இவர் குனிந்து நின்றார். நடைபாதை மட்டத்தில் ஓர் இரும்புக் கம்பி ஜன்னல். அதற்குள்ளிருந்து ஆவியும் கோப்பைகள் முட்டும் சத்தமும் வந்துகொண்டிருந்தன.

"என்ன செய்யிறியள் இதில?"

"இதுக்குள்ளதான் வேலை செய்தனான்" என்றார். "தண்ணித்தொட்டி இந்த ஜன்னலுக்குக் கீழ. நிமிந்தால் சப்பாத்து மட்டும் தெரியும். காலமை எல்லாச் சப்பாத்தும் அரண்மனைப் பக்கம் போகும். பின்னேரம் திரும்பி வரும்."

"ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"கோப்பை கழுவினதில சொல்ல என்ன இருக்கு?"

"ஒருநாளாவது அதுகளுக்குப் பின்னால போய்ப் பாத்திருக்கலாமே?"

"அந்த முற்றத்தில பொலிஸ் நிப்பான். விசாக் காட் கேப்பான். நாங்கள் வேலை முடிஞ்சால் நேர மெற்றோவுக்கை இறங்கிடுவம். மேல நடக்கிறேல்லை."

"இப்ப உங்களிட்டக் கனடாப் பாஸ்போர்ட் இருக்கு!" தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஓம், இருக்குத்தான்" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பாஸ்போர்ட்டும் அதோடு அந்த நுழைவுச்சீட்டும் இருந்தன. பிறகு, விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டார்: "அது சரி, உள்ளுக்க அப்பிடி என்னத்தைத்தான் வச்சிருக்கிறாங்கள்?"

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது, இந்த முறை என்மேல். இரண்டு வருடம் சப்பாத்துகளைப் பார்த்து யோசித்த ஒரு மனிதர் கேட்கிறார். இரண்டரை மணி நேரம் உள்ளே நடந்த என்னிடம் ஒழுங்கான பதில் ஒன்று இல்லை. இவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ராணுவக்காரரைக் கடக்கும்போது அந்தக் கை என் கையை இறுக்கியது. ஆனால் இவர் நிற்கவில்லை. வாசலில் நின்ற பெண் மணிக்கூட்டைக் காட்டித் தலையாட்டினாள். கடைசி ஆளை விட்டாகிவிட்டது. நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன். "விடும்" என்றார் இவர். மறுநாள் விடிய எங்களுக்கு விமானம்.

அது நடந்து மூன்று வருடம். நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. இவர் விருந்தாளிகளுக்கு "எல்லாம் பாத்திட்டம்" என்பார், நான் தேத்தண்ணி போடுவேன். இந்த வருடம் எனக்குக் கோடையில் விடுமுறை கிடைத்தது. கேட்காமலே பரிஸுக்கு இரண்டு டிக்கெட் போட்டு, மேசையில் வைத்தேன். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தொடங்கப் போகிறது, அடுத்த நிமிடம் பரிஸுக்குப் போன் போகும், ஆட்டிறைச்சி வாங்கத் தொடங்குவார்கள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு பரிஸிலிருந்தே போன் வந்தது. என் பெட்டியைப் பறித்த அதே நண்பர். நான் குசினி அடுப்படியில் நின்று காதைக் கொடுத்தேன். வழமையான சுகம் விசாரிப்பு, முழங்கால், பிள்ளைகள். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லை மச்சான்" என்றார் இவர். "இந்தக் கோடைக்கு ஒரு இடமும் போகேல்லை. வீட்டிலதான் நிப்பம்."

அந்த ஒன்பது பேர் அறையில் கூட இருந்த ஒருவருக்கு இவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.