கனடாவில் வீட்டு விலை இறங்குகிறதாம்

கனடாவில் வீட்டு விலை இறங்கிவிட்டது என்ற செய்தியை இலங்கையில் எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டங்களில் முதலில் கேட்ட தமிழச்சி நானாகத்தான் இருப்பேன். அப்போது என் இடுப்பில் துரை வீட்டுக் குழந்தை இருந்தது. துரைசாணி தன் அண்ணன் கனடாவிலிருந்து எழுதிய கடிதத்தைத் துரைக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாலு வருசம் ஆயாவாக இருந்ததில் பங்களா இங்கிலீஷ் எனக்கு ஓரளவு பழகியிருந்தது. போன வருசம் விற்ற விலையில் பாதிக்கு வீடு கிடைக்கிறது, வீட்டைச் சுற்றி ஆப்பிள் மரம், அடுப்பு மட்டுமே நம் குசினி அளவு என்று படித்தபோது துரைசாணிக்குக் குரல் உயர்ந்தது. நான் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு இன்னும் கிட்டே நகர்ந்தேன்.

அந்த வருசம் ரப்பர் விலை அதல பாதாளத்தில் கிடந்தது. பால் வெட்டுகிறவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். துரைக்கும் சம்பளத்தில் கை வைத்துவிட்டார்கள். ஆனால் துரைக்கு நல்ல காலத்தில் வாங்கிப்போட்ட ஓட்டு வீடு ஒன்று எஹலியகொட டவுன் ஓரத்தில் இருந்தது. அதை விற்றுக் கப்பல் ஏற வேண்டும், மிச்சப் பணத்தில் கனடாவில் வீடு வாங்க வேண்டும் என்பது அவர்கள் திட்டம். போய் இறங்கும்போது கையில் பணம் இருப்பதைக் காட்டாவிட்டால் வெள்ளைக்காரனைக்கூட உள்ளே விட மாட்டார்களாம்.

துரைசாணி என்னைக் கூப்பிட்டுத் தன் தமிழில் சொன்னார். "ஆயா, நீ வா. உன் புருசன் வா. பேபிக்கு நீ வேணும். அங்கே எல்லாருக்கும் வீடு."

எல்லாருக்கும் வீடு என்ற அந்தச் சொல்தான் என்னைப் பைத்தியமாக்கியது. நான் லயத்துக் காம்பராவில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் ஒன்றில், பிறந்தவள். ஒரு கதவு, ஒரு அடுப்பு, பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் நமக்குத் தொண்டை வலிக்கும். அந்த ஒற்றைக் காம்பராவும் நமதில்லை. செக்ரோல் என்ற தோட்டத்து ஆள் பதிவேட்டில் பெயர் இருக்கும்வரைதான் அது. பெயரை வெட்டினால் சட்டி பானையோடு வெளியே வர வேண்டும். வீட்டுக்கு விலை என்று ஒன்று உண்டு, அது ஏறும் இறங்கும், வாங்குகிறவன் யோசித்து வாங்குவான் என்பதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும்.

லயத்தில் நான் வாயை மூடிக்கொண்டா இருப்பேன்? பீலிக்கரையில் குடம் நிரம்பி வழிய வழியப் பேசினேன். கனடா கண்டிக்கு அந்தப் பக்கமா என்று ஒருத்தி கேட்டாள். அங்கே ரப்பரா தேயிலையா என்று இன்னொருத்தி. என் வீட்டுக்காரர் மட்டும் நிதானமாகக் கேட்டார்.

"அங்க லயத்துல எத்தன காம்பரா குடுப்பாங்களாம்?"

"லயமே கெடையாதுங்க. தனி வீடு. ஜன்னல் வச்ச வீடு."

அவர் பால் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அப்ப துண்ட வாங்கிருவோம்" என்றார்.

அங்கேதான் பிசகினோம். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெயரை வெட்டிக்கொண்டு, கடன் கிடன் இல்லை என்று எழுதிய சீட்டோடு போக வேண்டும். அதைத் துண்டு என்போம். துண்டு இல்லாதவனை எந்தத் துரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். அதனால் கனடாத் துரையும் முதலில் அதைத்தான் கேட்பார் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்தோம். ஆள் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்த நேரம். தானாக வந்து பெயரை வெட்டச் சொன்ன என் வீட்டுக்காரரைக் கண்டு தோட்ட ஆபீஸ் கிளாக்கருக்கு வாயெல்லாம் பல். இந்தியாவில் இருக்கும் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களின் சீட்டுக் கட்டோடு எங்களுடையதையும் நீட்ட, துரை பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். காம்பரா இன்னும் மூன்று மாதம்தான் என்று கங்காணி சொன்னார். அதற்குள் கப்பலில் இருப்போம் என்று நான் சொன்னேன். என்ன திமிர் எனக்கு!

பங்களாவில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கிளம்புகிற அன்று துண்டை எடுத்து நீட்டி, பாருங்கள், எவ்வளவு முன்யோசனை என்று பெருமையடிக்க வைத்திருந்தேன்.

அடுத்த கடிதம் வந்தது. வீடு இன்னும் இறங்கிவிட்டதாம். துரை மேசையைத் தட்டி எழுந்து, குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கொஞ்சம் பொறுத்தால் இன்னும் இறங்கும், பொறுப்போம் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அரைவிலை வீடு கால்விலைக்கு வந்தால் எங்களுக்கும் ஒரு காம்பரா கூடுதலாக இருக்காதா? தபால்காரன் மேட்டில் ஏறுவதைக் கண்டால் குழந்தையோடு கேட்டுக்கு ஓடுவேன். இறங்கட்டும், நல்லா இறங்கட்டும் என்று கோயிலுக்குக் கற்பூரம்கூட நேர்ந்துகொண்டேன்.

இதற்கிடையில் டவுன் வீட்டை வாங்க ஒருவர் வந்து போய்க்கொண்டிருந்தார். எஹலியகொட கடைவீதியில் சில்லறைக் கடையும் ரப்பர் ஷீட் வியாபாரமும் வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. நல்ல மனுசர், ஆனால் வியாபாரி. வராந்தா ஓரத்தில் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாரென்றால் போன தடவை சொன்ன விலையை மறந்திருப்பார். சரி என்பதைச் சிங்களத்தில் ஹரி என்பார்.

"தொரை, நான் என்ன செய்ற? ஷீட்டுக்கு வெல இல்ல. ஷீட்டுக்கு வெல இல்லாத ஊர்ல ஊட்டுக்கு ஆரு வெல தார?"

"போன மாதம் நீ அதிகம் சொன்னே."

"போன மாசம் சொன்னது போன மாசத்துக்கு, தொரை. ஹரி, யோசிச்சு சொல்லுங்க. அடுத்த மாசம் இதும் சொல்ல ஏலாம போகும்."

துரை யோசித்தார். கனடாவில் இறங்க இறங்க அவருக்குச் சந்தோஷம். இங்கே இறங்க இறங்க முகம் சிவந்தது. இரண்டும் ஒரே மழை என்று குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த எனக்கே அன்று உறைத்தது. அங்கே வீடு மலிகிற வேகத்தில் அதை வாங்குகிற பணம் இங்கே கரைகிறது. இதை யாரிடம் சொல்வது? அடுத்த கடிதத்துக்கும் அவர்கள் துள்ளத்தான் செய்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நானும் துள்ளினேன்.

மூன்று மாதமும் முடிந்தது. காலையில் கங்காணி வந்து, "காம்பராவப் பூட்டச் சொல்லி உத்தரவும்மா, சாமான எடுத்துருங்க" என்றார். மழை பெய்துகொண்டிருந்தது. நான் பங்களாவுக்கு ஓடி, துரைசாணி முன்னால் துண்டை வைத்தேன்.

"அம்மா, எப்பக் கப்பல்? எங்களுக்கு இருக்க எடம் இல்ல."

அந்தச் சீட்டைப் பார்த்த துரைசாணியின் முகம் வெளுத்துப்போனது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழத் தொடங்கினார். இரண்டாவது கடிதத்தில், சத்தமாகப் படிக்காத பக்கத்தில், அண்ணன் எழுதியிருந்தாராம், எங்களைப் போன்ற கறுப்பு ஆட்களைக் கனடாவில் கரையிறங்க விட மாட்டார்கள், ஆயாவானாலும் சரி, யாரானாலும் சரி என்று. துரை எவ்வளவோ முயன்றாராம். சொன்னால் நான் குழந்தையை விட்டுவிட்டு வேறு வேலை தேடிப் போய்விடுவேனோ என்று பயந்து துரைசாணிதான் சொல்லாமலே இருந்துவிட்டாராம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கற்பூரம் நேர்ந்தது, பீலிக்கரையில் வாயடித்தது எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. அழுகிறவரை எப்படி ஏசுவது? பெயரைத் திரும்பச் செக்ரோலில் ஏற்ற முடியுமா என்று கேட்டேன். புதுப் பெயர் ஒன்றுகூட ஏற்றக்கூடாது என்று கொழும்பிலிருந்து உத்தரவு, துரையாலும் முடியாது என்றார்.

குழந்தையை அவர் மடியில் வைத்தேன். நனைந்த சேலையோடு நேரே டவுனுக்கு நடந்து, கடையில் துரைமாதிரி உட்கார்ந்திருந்த முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"முதலாளி, தொர வீட்ட வாங்கிரப் போறீங்கதானே?"

"இந்த வாரம் பத்திர எழுத்து. ஏன் தங்கச்சி?"

"வாங்கி யாரக் குடி வைப்பீங்க?"

அவர் சிரித்தார். "ஆரு இருக்கி இந்தக் காலத்துல குடிக்கூலி குடுக்க? சும்மாதான் பூட்டி வெக்கணும்."

"பூட்டி வச்சா இந்த மழைக்கு ஒரு வருசத்துல கரையான் தின்னுரும். எங்கள இருக்க விடுங்க. கூட்டி மெழுகி, ஓடு மாத்தி வச்சுக்கிறோம். பின்னால இருக்குற ரப்பர் மரத்துல எங்க வீட்டுக்காரர் பால் வெட்டுவாரு, பாதி உங்களுக்கு."

முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு வெளியே பெய்கிற மழையைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைப் பிழிந்தேன், கடைத் தரையெல்லாம் தண்ணீர்.

"ஹரி. ஆனா ஒண்டு சொல்றன். வெல ஏறினா நான் விப்பேன். அண்டைக்கு ஒரு பேச்சும் பேசாம எறங்கணும்."

துரை கடைசியில் அந்த விலைக்கே விற்றார். காட்ட வேண்டிய பணம் மட்டுமட்டாகத் தேறியதாம். அவர்கள் கிளம்பும்வரை எங்களைப் பங்களாவின் பின்பக்கக் கொட்டிலில் படுக்க விட்டார்கள். போகிற அன்று குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கோபத்தையெல்லாம் மறந்து நானும் அழுதேன். அன்று சாயங்காலமே நாங்கள் டவுன் வீட்டுக்குள் போனோம். ஏழு ஜன்னல். ஒவ்வொன்றாகத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். என் வீட்டுக்காரர் அறைக்கு அறை நடந்துவிட்டு, "எதுல படுக்குறது?" என்று கேட்டார். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பு ஒரு வேடிக்கை. ஊரே ரப்பர் விலை ஏறாதா என்று ஏங்கிக் கிடந்தது. சிங்களவரின் புத்தர் கோயிலான பன்சாலையில் வேண்டினார்கள், பள்ளிவாசலில் வேண்டினார்கள். எஹலியகொடயில் விலை ஏறக்கூடாது என்று வேண்டியவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே. நான் வீடுகளுக்கு மாவிடித்துக் கொடுத்தேன். போகிற வீட்டிலெல்லாம் அவர்கள் கஷ்டத்துக்கு உச்சுக் கொட்டிவிட்டு, உள்ளுக்குள் அப்பாடா என்று வருவேன். பாவம்தான். ஆனால் என் மகள் அந்த வீட்டில் பிறந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினாள். துரைசாணி ஒரு கார்டு போட்டிருந்தார். அவர்கள் வாங்கிய வீடு வாங்கிய பிறகும் இறங்கிவிட்டதாம். தபால்காரர் படித்துச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் விலை ஏறியது. டவுனில் ஆளுக்கு ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முதலாளி படியேறி வருவதைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கும் முன்பே பெட்டியை எடுத்து முன்னறையில் வைத்துவிட்டேன். ஒரு பேச்சும் பேசக்கூடாது என்று ஒப்புக்கொண்டவள். மகள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

முதலாளி பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பின்பக்கம் போய் மரங்களைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நேத்து ஒத்தர் வந்து வெல கேட்டார்" என்றார். "நல்ல வெலதான்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் குடுக்க இல்ல, தங்கச்சி. இப்பதானே ஏறத் தொடங்கி இருக்கி. கொஞ்சம் பொறுத்தா இன்னம் ஏறும். இப்ப வித்தா நட்டம். நீங்க இரிங்க."

அவருக்குக் கொடுத்த தேத்தண்ணீரில் எத்தனை கரண்டி சீனி போட்டேன் என்று எனக்கே தெரியாது. குடித்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். பால் வாளியோடு நின்ற என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்னா, எறங்கச் சொல்லிட்டாரா?"

"இல்லங்க. வேண்டுதல மாத்திக்குங்க" என்றேன். "இனி வெல நிக்காம ஏறிக்கிட்டே இருக்கணும்."