ஒரே லாட், இரண்டு சாம்பல்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகப் பதினாறு வருடம் ஓட்டியவள் நான். பழம் தின்று கொட்டை போட்டவள் என்ற நினைப்பு எனக்கு நிறையவே உண்டு. ஒரு லாட்டில் முதல் பத்து பீஸைப் பார்த்தால் போதும், மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று பீற்றிக்கொள்வேன். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் என் மேஜைக்கு ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கூட வந்த அவளுடைய அண்ணன் தனியாக என்னிடம் சொன்னார்.

“தங்கச்சிக்கு ஆட்டிசமுங்க்கா. நாமெல்லாம் பாதி கண்ணுல பார்க்கறோம், பாதி இப்படித்தான் இருக்கும்னு நெனச்சுப் பார்க்கறோம்னு டாக்டர் சொன்னாருங்க. இவ அந்த நெனப்பை அவ்வளவா நம்பமாட்டாளாமுங்க. ஆட்டிசம் இருக்கற எல்லாரும் அப்படி இல்லீங்களாம். இவ அப்படி.”

தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை.

முந்நூறாவது பீஸையும் முதல் பீஸைப் போலவே விரித்துப் பார்ப்பாள். தப்பும் செய்வாள். இரண்டு முறை டியூப்லைட் நிழலைக் கறை என்று ஒதுக்கினாள். அதிலிருந்து அவள் கை தூக்கினாலே ‘ஒன்றும் இருக்காது’ என்று முடிவு கட்டிவிட்டுத்தான் எழுந்து போவேன்.

சாம்பல் நிற டீ-சர்ட், சரக்கு ஏற்றும் நாள். மத்தியானம் அவள் கை தூக்கினாள்.

“கை வேற கலருங்க்கா. உடம்பு வேற கலருங்க்கா.”

பண்டல் சீட்டைப் பார்த்தேன். ஒரே லாட், ஒரே தடவையில் சாயம் போட்ட துணி. காலையிலிருந்து எல்லாமே சரியாக வந்த லாட். துணியையும் பார்த்தேன், ஒரே சாம்பலாகத்தான் தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

“ஒரே லாட்டுல கலர் எப்படி அம்மணி மாறும்?”

“மாறியிருக்குதுங்க்கா.”

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. “ஓகேன்னு ஒட்டு” என்று அதட்டினேன். அவளுடைய நம்பர் போட்ட ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

மறுவாரம் பெட்டிகள் திரும்பி வந்தன. மேனேஜர் எங்கள் இருவரையும் வாசலுக்கு அழைத்து, ஒரு பீஸை வெயிலில் பிடித்தார். டீ-சர்ட்டின் கையில் மட்டும் லேசாக நீலம் ஓடியது. கட்டிங்கில் வேறு லாட் துணி கலந்திருந்தது.

“யாரு பாஸ் பண்ணுனது?”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கெட்ட பெயருக்குப் பயந்துவிட்டேன். “புள்ளைக்கு அப்பப்பக் கொஞ்சம் கொழப்பமாயிருதுங்க” என்றேன். இவ்வளவு கேவலமான வார்த்தை என் வாயில் அதுவரை வந்ததில்லை.

“நான் வேற கலருன்னு சொன்னனுங்க. அக்காதான் ஒட்டச் சொன்னாங்க” என்றாள் அவள்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவளைப் பற்றி அவரும் முன்பே முடிவு கட்டியிருந்தார். திட்டு முழுவதும் அவளுக்கு விழுந்தது. நான் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எப்போதும் போல வந்தாள். அவள் கேட்டதை வேறு யாராவது கேட்டிருந்தால், குத்திக் காட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பேன். அவள் குத்திக் காட்டவில்லை. முதல் பீஸைக் கையில் எடுத்தவள், அதை விரிக்காமல் என்னிடம் கேட்டாள்:

“இன்னைக்கு நான் பார்க்கறதைச் சொல்லோணுங்களாக்கா, நீங்க சொல்றதைச் சொல்லோணுங்களா?”