கடிக்காத பாம்புக்கு வைத்தியம்

பாம்பு கடித்துவிட்டதென்று பக்கத்துக் காட்டுச் சின்னண்ணன் இன்று காலை அலறினார். நாங்கள் நாலு பேர் ஏரை அப்படியே விட்டு ஓடினோம். கம்பளியில் தூளி கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கினோம்.

பாதி வழியில் சிரித்தார். "கூப்பிட்டா வருவீங்களான்னு சும்மா பாத்தேனுங்க."

அந்நேரம் மெய்யாகவே வேறு யாரையாவது கடித்திருந்தால் தூக்க ஆளில்லை.

முன்னால் தூக்கிய ராமண்ணன் தூளியை இறக்கவில்லை. "வெசம் தலைக்கேறிருச்சுங்க, அதான் சிரிக்கறாரு. நடங்க."

காளப்பநாயக்கன்பட்டி வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னோம். நல்ல மனிதர். விஷம் இறங்க ஒரு கைப்பிடி மிளகை மென்று தின்ன வைத்தார். சின்னண்ணன் கண்ணீரோடு நடந்தே மலையேறினார்.

விஷக்கடிக்காரரை இன்றிரவு தூங்க விடக்கூடாதாம். நாங்கள் முறைவைத்துக் கதவைத் தட்டப்போகிறோம். உங்களுக்கும் தூக்கம் வராவிட்டால் வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போங்கள்.