சேவக்கட்டில் விழுந்தவர்கள்

ராசிபுரத்துல இன்னைக்கு பஸ்ஸுக்குக் கரி மூட்டவே மத்தியானம் ஆயிருச்சு. யுத்தத்தால பெட்ரோல் இல்லாம பஸ்ஸெல்லாம் கரிப்புகையிலதானுங்களே ஓடுது! அதுவரைக்கும் பக்கத்துத் தோப்புல சேவக்கட்டு பார்த்தேன்.

கால்ல கத்தி கட்டி விட்டும் ரெண்டு சேவலும் சண்டையே போடல.

"உன்ற சேவல் பயந்துருச்சு"ன்னார் ஒரு சேவலைக் கொண்டுவந்த தறிக்காரர்.

"பயந்தது உன்றதுடா!"ன்னு பாய்ஞ்சார் எதிர்ச்சேவல்காரர்.

அவ்வளவுதான். சேவல் கால்ல இருந்த கத்தியை ஆளுக்கொண்ணா அறுத்தெடுத்துக் குத்திக்கிட்டாங்க. ஒருத்தருக்குத் தோள் கிழிஞ்சுது, இன்னொருத்தருக்கு வயிறு. ரெண்டு பேரும் ரத்தத்துல சாஞ்சுட்டாங்க. மாட்டுவண்டியில அள்ளிப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாங்க.

சேவலுங்க ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னு கீழே சிந்தின கம்புத் தானியத்தைப் பொறுக்கிட்டிருந்துச்சு.

கட்டுல விழுந்த சேவலை ஜெயிச்சவர் கொண்டுபோய்க் குழம்பு வெச்சுக்கலாம்ங்கிறதுதான் நம்ம பக்கத்துச் சட்டம்.

சட்டம் படிச்சவங்க சொல்லுங்க. விழுந்த ரெண்டு பேரையும் அந்தச் சேவலுங்க கொண்டுபோகலாமுங்களா?