அப்பா கொண்டுவந்த மண்

டைனோசர் காலத்தில் வாழ்ந்து அழிந்த டெக்கனோலெஸ்டிஸ் என்ற மூஞ்சூறு போன்ற சிறு விலங்கைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி. அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி டிரைவர். வடக்கே போர் போடப் போகும் வழியில் ஒருமுறை என் ஆய்வகத்துக்கு வந்தார். கடுகைவிடச் சிறிய அதன் பல்லை நுண்ணோக்கியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

“எத்தன ஊருல பாறையத் தொளச்சிருக்கறோம். இதையெல்லாம் பொடியாக்கிப்போட்டமா சாமி?”

“எல்லா எடத்துலயும் இருக்காதுங்கப்பா.”

அவர் முகம் தெளியவில்லை. அதன்பின் வந்தபோதெல்லாம் போர்க்குழி மண்ணைப் பையில் கட்டி, மேலே ஊர்ப்பெயர் எழுதிக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் சலித்தேன். ஒரு பல்கூடக் கிடைக்கவில்லை.

“அடுத்த தடவ பாக்கலாஞ் சாமி” என்று சிரித்தபடி வண்டியேறுவார்.

இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. மண் சலிக்க உட்காரும்போதெல்லாம் அவர் கையெழுத்தில் ஏதாவது ஓர் ஊர்ப்பெயரைப் படிக்க ஆசையாக இருக்கிறது.